கம்பியில ஒருத்தர், கிளையில ஒருத்தர்: டெல்டாவின் இரண்டு கரிச்சான்கள்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைச்சா ஒரு வேலை பண்ணிப் பாருங்க. ரோட்டோரக் கரண்ட் கம்பியில், பிளந்த வாலைத் தொங்கவிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற கறுப்புப் பறவைகளை எண்ணிக்கிட்டே வாங்க. அய்யம்பேட்டை தாண்டுறதுக்குள்ள எண்ணிக்கை விட்டுப்போயிடும். அவ்வளவு சாதாரணமான பறவை. கரிச்சான் என்று பெயர். சில ஊர்களில் இரட்டைவால் குருவி, சில ஊர்களில் வலியன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பறவையைப் பற்றியது மட்டும் இல்லை. அக்டோபர் வாக்கிலிருந்து மார்ச் வரைக்கும் அதே ஊரில், கிட்டத்தட்ட அதே அளவில், அதே பிளந்த வாலோடு இன்னொரு பறவையும் இருக்கு. அது சாம்பல் கரிச்சான். இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிற விருந்தாளி. நம்மில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் சேர்த்து 'கரிச்சான்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். பொங்கல் லீவில் ஊருக்குப் போய் பறவைக் கணக்கு எடுக்கப்போறவங்களுக்கும், பிப்ரவரியில் கேம்பஸ் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறவங்களுக்கும் இந்த விஷயம் நேரடியாகத் தேவைப்படும். சேர்த்து எழுதினால் பட்டியலில் ஒரு எண் கூடும். ஒரு பறவை காணாமல் போகும்.

பேர் விவரம்

இரண்டுமே டைக்ரூரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. கரிச்சானுக்கு டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ், சாம்பல் கரிச்சானுக்கு டைக்ரூரஸ் லூக்கோஃபேயஸ். இரண்டு பெயரையும் வைத்தது ஒரே ஆள்தான்: வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர். வருஷமும் ஒன்றுதான், 1817. முதல் பெயருக்கு 'நீண்ட வால்' என்று பொருள். இரண்டாவதில் வெளுப்பும் மங்கலும் சேர்ந்த ஒரு நிறம் இருக்கு, அதாவது சாம்பல். பெயரிலேயே விடை இருக்கு, ஆனா நாம கிரேக்கம் படிக்கலையே.

நம்ம ஊர்ப் பெயர்கள் இன்னும் சுவாரசியமானவை. ஆண்டாளின் திருப்பாவை ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன் என்று ஒரு பறவை வரும். அதை வலியன் குருவி என்றுதான் உரைகளில் சொல்லியிருக்காங்க. அந்தப் பாட்டின் நேரம் விடியற்காலை. கரிச்சானும் பொழுது விடியுறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிக்கிற பறவை. மார்கழிக் குளிரில் ஹாஸ்டல் மாடியில் நின்று படிச்சவங்களுக்கு இது தெரியும்: காக்கைக்கு முன்னாடியே எழுந்துடும். இந்தியில் இதற்குக் கோத்வால் என்று பெயர், அந்தக் காலத்துக் காவல் அதிகாரி. ஆங்கிலேயர்கள் 'கிங் குரோ', அதாவது ராஜா காக்கை என்றார்கள். காக்கையில் பாதி உடம்பு கூட இல்லாத பறவைக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. குண்டுக்கரிச்சான் என்று ஒரு பறவை இருக்கு. கறுப்பு வெள்ளையில், வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மதில் மேல் உட்கார்ந்து அருமையாகப் பாடும். பேரில் கரிச்சான் இருந்தாலும் அது வேற குடும்பம். இங்கே அதற்கு வேலை இல்லை.

கறுப்பும் சாம்பலும்

புத்தகத்தில் படம் பார்த்தால் வித்தியாசம் ரொம்ப சுலபம். கரிச்சான் முழுக் கறுப்பு, வெயிலில் நீலப் பளபளப்பு. சாம்பல் கரிச்சான் மேலே அடர்ந்த சிலேட் நிறம், அடியில் கொஞ்சம் வெளுத்த சாம்பல், பளபளப்பு குறைவு. கரிச்சானின் அலகு தொடங்குகிற இடத்தில், வாயோரத்தில், பொட்டு மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். சாம்பல் கரிச்சானுக்கு அது கிடையாது. கண்ணும் வேற. கரிச்சானின் கண் செம்மை கலந்த கரும்பழுப்பு, தூரத்திலிருந்து கறுப்பாகத்தான் தெரியும். சாம்பல் கரிச்சானின் கண் நல்ல ரத்தச் சிவப்பு. வளர்ந்த பறவையை ஒருதரம் பைனாகுலரில் பார்த்துட்டீங்கன்னா மறக்க மாட்டீங்க, கோபமா நம்மையே முறைக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா களத்தில் இது அவ்வளவு சுலபம் இல்லை. தென்னிந்தியாவுக்கு வருகிற சாம்பல் கரிச்சான் நல்ல அடர்த்தியான சாம்பல். மேலே வானம் வெளிச்சமாக இருக்கும்போது, உயரக் கிளையில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பறவையும் நிழலுருவமாகத்தான் தெரியும். மொபைல் கேமராவும் காப்பாற்றாது. அது வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், பறவை தார் பூசின மாதிரி விழும். ஃபோட்டோ எடுக்கிறவங்க பறவை மேல் விரலை வைத்து வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் ஏற்றிவிட்டு எடுங்க. வானம் வெளுத்துப் போனால் போகட்டும், நமக்கு வயிற்று நிறம்தான் வேணும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நகர்ந்து நிற்பது அதைவிட நல்ல வழி, செலவும் இல்லை.

அந்த நீலப் பளபளப்பு பற்றி, ஃபிசிக்ஸ் பிடிக்கிறவங்களுக்காக ஒரு வரி. அங்கே நீல நிறமி எதுவும் இல்லை. இறகின் நுண்ணிழையில் கறுப்பு நிறமிக்கு மேல் இருக்கிற மெல்லிய கெரட்டின் படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது நடக்கிற குறுக்கீடுதான் அது. முதல் செமஸ்டரில் சோப்புக் குமிழி, எண்ணெய்ப் படலம் என்று படிச்சோமே, அதே சமாசாரம். அதனால் வெயில் படும் கோணம் மாறினால் பளபளப்பும் மாறும். மேகமூட்டமான நாளில் கரிச்சானே மங்கலாகத் தெரியலாம். பளபளப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 'சாம்பல்' என்று எழுதிடக் கூடாது.

வாயோர வெள்ளைப் புள்ளியும் நூறு சதவீத சாட்சி இல்லை. இருந்தால் கரிச்சான்தான். இல்லைன்னா முடிவு சொல்ல முடியாது, ஏன்னா சில பறவைகளில் அது தெளிவாகத் தெரியாது, இளம் பறவைகளில் இருக்கவே இருக்காது. இளம் கரிச்சானின் வயிற்றில் செதில் செதிலாக வெள்ளை விளிம்புகள் வேற இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்று மூன்றாவதாக ஒரு இனத்தை எழுதுகிறவர்களும் உண்டு. அந்த இனம் உண்மையாகவே இருக்கு, ஆனா அதன் வயிறு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி சீரான வெள்ளையாக, வால் அடி வரைக்கும் போகும். வல்லம் தாண்டி செங்கிப்பட்டிப் பக்கம் போனால் வருகிற புதர் நிலம் மாதிரி இடங்கள்தான் அதுக்குப் பிடிக்கும்.

எங்கே உட்கார்ந்திருக்கு?

நிறத்தைவிட எனக்கு நம்பிக்கையான அடையாளம் இதுதான்.

கரிச்சான் வெட்டவெளிப் பறவை. கம்பி, வேலிக்கால், போர்செட் கொட்டகையின் கூரை முனை, மேயுற மாட்டின் முதுகு, இப்படி சுற்றிலும் திறந்திருக்கிற ஒரு இடம் வேணும். அங்கிருந்து பார்க்கும். வெட்டுக்கிளி அசைஞ்சதும் தரையை நோக்கிச் சரிந்து பிடிக்கும், திரும்ப அதே இடத்துக்கு வந்து உட்காரும். டிராக்டர் ரொட்டவேட்டர் போட்டு ஓட்டும்போதும், அறுவடை மெஷின் இறங்கும்போதும் கொக்கு ஒரு பக்கம் நடந்து வரும், கரிச்சான் மேலே வட்டம் போடும். கொக்கு காலால் கிளப்புற பூச்சியைக் கரிச்சான் காற்றிலேயே வாங்கிக்கும்.

சாம்பல் கரிச்சான் மரப் பறவை. உயர்ந்த மரத்தின் உச்சியில், அல்லது கிளைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பார்த்த மாதிரி உட்காரும். பறக்கிற பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும். தரைக்கு இறங்குறது அபூர்வம். கல்யாண முருங்கையும் இலவமும் பூத்திருக்கிற சமயத்தில் பூவில் தேன் குடிக்கவும் வரும். மற்ற சின்னப் பறவைகள் கூட்டமாக மரம் விட்டு மரம் போகும்போது இதுவும் சேர்ந்துகொள்ளும். அவை கிளப்புகிற பூச்சி இதுக்குக் கிடைக்கும். கொக்குக்குப் பின்னால் கரிச்சான் போகிற அதே டெக்னிக், தரையிலிருந்து முப்பது அடி மேலே.

இரண்டு பறவைக்கும் நீளம் ஏறக்குறைய 28, 29 செண்டிமீட்டர். எடை ஒரு கோழிமுட்டை அளவு. அலகு ஒரே மாதிரி. சாப்பாடும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே வேலைக்கு இரண்டு பேர் ஒரே ஊரில் எப்படி ஆறு மாசம் இருக்க முடியுது என்றால், இடத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கு வயல், இன்னொருத்தருக்குத் தோப்பு. ஃப்ரீக்வென்சி ஒன்றாக இருந்தாலும் செல் வேறாக இருந்தால் இரண்டு டவரும் ஓடுமில்லையா, அப்படி. (ஈ.சி.இ. நண்பர்கள் மன்னிக்கவும், உதாரணம் கொஞ்சம் இழுவைதான்.)

டெல்டாவில் இந்தப் பங்கு கண்ணுக்கே தெரியும். திருவையாற்றுப் பக்கம் ஆற்றங்கரையில் நின்று பாருங்க. கரையில் மருதம், மூங்கில், அரசமரம். அடுத்து படுகை வாழை, தென்னை. கொஞ்சம் நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். முதல் ஐம்பது மீட்டர் சாம்பல் கரிச்சானைத் தேட வேண்டிய இடம். வயல் தொடங்கியதும் கரிச்சானின் ராஜ்யம். ஆனா இது சட்டம் இல்லை. மதிய வெயிலில் கரிச்சானும் மர நிழலுக்குப் போகும். தோப்போரக் கம்பியில் சாம்பல் கரிச்சானும் உட்காரும். இடத்தை வைத்துச் சந்தேகப்படுங்க, கண்ணையும் வயிற்றையும் பார்த்து முடிவு பண்ணுங்க.

பறக்கிற விதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் அந்த வால்தான் ஆயுதம். வெளிப்பக்க இறகுகள் நீளம், நடு இறகுகள் குட்டை. மடக்கியிருக்கும்போது பிளந்த மாதிரி தெரிகிற வால், திருப்பத்தில் விசிறியாக விரியும்போது பின்விளிம்பு ஏறக்குறைய நேராகி முக்கோணமாகிவிடும். ஏரோ படிக்கிறவங்க அதை டெல்டா விங் என்பார்கள். வேகத்தைக் குறைத்துச் சட்டென்று வளைய வேண்டிய அந்த நொடியில் கூடுதல் லிஃப்ட் கிடைக்கும். நேராகப் பறக்கும்போது மடக்கிக்கொண்டால் இழுவை குறையும். ஈசல் கிளம்புகிற மழைநாள் சாயங்காலத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்க, லேப்பில் பார்த்ததைவிட நல்ல டெமோ.

மாசக் கணக்கு

சாம்பல் கரிச்சானின் தென்னிந்திய டூட்டி குளிர்காலம் மட்டும். மார்ச், ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். இமயமலை அடிவாரக் காடுகளில் மே, ஜூனில் கூடு கட்டும். தஞ்சாவூரிலிருந்து நேர்கோடு போட்டாலே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு முட்டை எடையுள்ள உடம்பு வருஷத்துக்கு இரண்டு தரம் அதைக் கடக்குது. சென்னை போறதுக்கே நாம உழவன் எக்ஸ்பிரஸில் பெர்த் கிடைக்கலைன்னு புலம்புறோம்.

ஆக மேட்டூர் தண்ணி வந்து குறுவை நடவு நடக்கிற ஜூன், ஜூலையில் நம்ம வயலில் அடர் நிறத்தில் பிளந்த வாலோடு ஒரு பறவை இருந்தால், அது சாம்பல் கரிச்சான் என்று எழுத இடமே இல்லை. ஒரு இஃப்-எல்ஸில் முடியும். குழப்பமெல்லாம் அக்டோபருக்கு மேல்தான்; சம்பா, தாளடிப் பயிர் நிற்கிற காலம். நம்ம இரண்டு கணக்கெடுப்பும் அந்த ஜன்னலுக்குள்தான் விழுது.

கரிச்சானுக்கோ வருஷம் முழுக்க இதே ஊர். பிப்ரவரி, மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கூடு கட்டுகிற காலம். கிளை கவையில் கிண்ணம் மாதிரி சின்னக் கூடு, மூன்று நான்கு முட்டை, இரண்டு வாரம் அடை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். ராஜா காக்கை என்ற பெயருக்கு இங்கேதான் காரணம் இருக்கு. கூடு இருக்கிற மரத்துப் பக்கம் காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் விடாது. பருந்தின் முதுகுக்கு மேல் ஏறிக் கொத்திக்கொண்டே வயல் தாண்டி விரட்டிவிட்டு வரும். இதைப் பார்த்துவிட்டு கொண்டைக்குருவி, புறா, மாங்குயில் மாதிரி சாதுவான பறவைகள் அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ கூடு வைக்கும். வாடகை கிடையாது, செக்யூரிட்டி இலவசம்.

அதே கோத்வால் திருடவும் செய்வார். வல்லூறு கத்துகிற மாதிரியே கத்தி, மைனாக்களைப் பயமுறுத்தி, அவை போட்டுவிட்டு ஓடுகிற இரையை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சொந்தக்காரர் உண்டு, பிளவுவால் கரிச்சான் இனம். அது பல பறவைகளின் அபாயக் குரலை மாற்றி மாற்றி உபயோகித்து மற்ற விலங்குகளை ஏமாற்றுவதைக் கலஹாரிப் பாலைவனத்தில் ஆராய்ந்து 2014-இல் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொய்யைத் திரும்பச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து பொய்யை மாற்றிச் சொல்லுது. சாம்பல் கரிச்சானும் மற்ற பறவைகளின் குரலை நன்றாகக் காப்பியடிக்கும். அதனால் குரலை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்கப் பார்க்காதீங்க.

வயலுக்கு என்ன லாபம்?

எங்க சித்தப்பாவுக்குத் திருவையாறு பக்கம் ஒன்பது மா நிலம். மூணு மா ஒரு ஏக்கர் என்று இங்கே கணக்கு, அதனால மூணு ஏக்கர். பறவை பற்றிப் பேச்சு எடுத்தாலே அவர் கேட்கிற ஒரே கேள்வி, "இதனால ஒரு மருந்து மிச்சமாகுமாடா?" நியாயமான கேள்வி. ஒரு முறை மருந்து அடிக்க ஆள் கூலி, மருந்து விலை இரண்டும் அவர் பையிலிருந்துதான் போகுது.

வேளாண் துறையினர் நெல்லுக்கும் பயறுக்கும் பறவை தாங்கி நடச் சொல்வது இதற்காகத்தான். ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஒரு குச்சி, எக்டேருக்கு 40, 50 என்பது வழக்கமான கணக்கு. ஏக்கருக்கு இருபது என்று வைச்சுக்கலாம். நம்ம பக்கம் காசு கொடுத்து யாரும் வாங்குறதில்லை. காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாகக் குத்தினால் முடிஞ்சது. நட்டு இளம்பயிராக இருக்கும்போதே வைக்கணும், பயிருக்கு மேல் ஒரு அடியாவது தெரியணும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பிடுங்கிடணும், இல்லைன்னா நெல் தின்கிற குருவிகளுக்கு நாமே நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

இந்தத் தாங்கியில் முதல் ஆளாக வந்து உட்காருவது கரிச்சான். வெட்டுக்கிளி, பறக்கிற அந்துப்பூச்சி, வண்டு, படைப்புழு எல்லாம் அதன் மெனு. பொழுது சாய்ந்து நல்லா இருட்டுற வரைக்கும் வேட்டையாடும் என்பதால், அந்தி நேரத்தில் கிளம்புகிற குருத்துப்பூச்சியின் அந்துகளும் கொஞ்சம் மாட்டும். ராத்திரி அதே குச்சியில் ஆந்தை வந்து உட்கார்ந்தால் எலிக்கும் ஒரு வழி பிறக்கும்.

ஆனா கரிச்சானை விற்பனைப் பிரதிநிதி மாதிரி புகழ்ந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. புகையான் விழுந்த வயலுக்குக் கரிச்சான் பதில் இல்லை. புகையான் மூணு நாலு மில்லிமீட்டர் பூச்சி, தூரடியில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே உட்கார்ந்திருக்கிற பறவைக்கு அது தெரியவே தெரியாது. இலையைச் சுருட்டி உள்ளே படுத்திருக்கிற புழுவுக்கும் அதேதான். அதோடு கரிச்சான் தட்டானையும் பிடிக்கும், தேனீயையும் பிடிக்கும். தட்டான் நமக்கு வேண்டிய பூச்சி. அதுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரித்துத் தின்ன யாரும் பாடம் நடத்தலை. சித்தப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: மட்டை இலவசம், ஒரு காலை வேலை, நட்டம் எதுவும் இல்லை, வச்சுப் பாருங்க. வச்சிருக்கார்.

சாம்பல் கரிச்சான் இந்தக் கணக்கில் வராது. நீங்க ஏக்கருக்கு இருபது குச்சி இல்லை, இருநூறு நட்டாலும் அது நடு வயலுக்கு வந்து உட்காரப் போறதில்லை. அதுக்கு வேண்டியது மரம். அதுவும் நன்றாக வளர்ந்து, தலை விரிந்து, பூச்சியும் பூவும் உள்ள மரம். கரிச்சானுக்கு நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் மின்வாரியக் கம்பி இருக்கு. வயலைச் சுற்றி மனிதன் நட்ட ஒவ்வொரு கம்பமும் அதற்குச் சாதகம். சாம்பல் கரிச்சானுக்கு எதிர்த்திசை. ரோடு அகலமாகும்போது முதலில் போவது புளியமரம். வாய்க்காலைத் தூர்வாரிக் கரையைச் சரிபண்ணும்போது போவது கரைமரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. குளிர்கால விருந்தாளிகள் வந்து இறங்கியிருக்கிற மாசம் அது. சாய்ந்த தென்னைக்குப் பதில் தென்னை நட்டாங்க, சரிதான், அது வருமானம். வேலியோரத்தில் நின்ற வேம்பும் புங்கனும் இலுப்பையும் எத்தனை பேர் திரும்ப நட்டாங்க என்று உங்க ஊரில் கேட்டுப் பாருங்க.

அதனால்தான் இந்த இரண்டு பறவையையும் தனித்தனியாக எண்ணணும் என்கிறேன். கரிச்சான் எண்ணிக்கை நமக்கு வயலைப் பற்றிச் சொல்லும். சாம்பல் கரிச்சான் எண்ணிக்கை மரத்தைப் பற்றிச் சொல்லும். இரண்டையும் ஒரே பெயரில் கூட்டினால் கம்பியிலிருக்கும் கூட்டம் கிளையில் குறைவதை மறைத்துவிடும். நாற்பது கரிச்சான் இருக்கிற பட்டியலில் மூன்று சாம்பல் கரிச்சான் குறைந்தது யாருக்குத் தெரியப்போகுது? கிராஃபில் அது நாய்ஸ் மாதிரிதான் இருக்கும்.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்து

டைரன்ட் ஃபிளைகேட்சர், அதாவது 'கொடுங்கோல் ஈப்பிடிப்பான்கள்' என்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருக்கிற ஒரு குடும்பம் உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள், உலகத்திலேயே பெரிய பறவைக் குடும்பம். அதில் கிங்பேர்ட் என்ற வகை அப்படியே நம்ம கரிச்சானின் வேலையைச் செய்யும்: கம்பியில் உட்காரும், காற்றில் பூச்சி பிடிக்கும், கூட்டுப் பக்கம் பருந்து வந்தால் முதுகில் ஏறிக் கொத்தும். கிழக்கு கிங்பேர்டின் அறிவியல் பெயரே டைரானஸ் டைரானஸ், கொடுங்கோலனுக்கெல்லாம் கொடுங்கோலன். அந்தக் குடும்பத்தில் நீளமாகப் பிளந்த கத்தரிக்கோல் வால் கொண்ட ஒரு இனமும் இருக்கு.

ஆனா சொந்தம் எதுவும் கிடையாது. கரிச்சான் காக்கை, கீச்சான் வகையறாவுக்குப் பக்கத்துச் சொந்தம். டைரன்ட்கள் பாடும் பறவைகளின் பெரிய மரத்தில் ரொம்பக் கீழேயே பிரிந்துபோன வேற கிளை, அவற்றின் குரல் உறுப்பும் எளிமையானது. ஒரே வேலைக்கு இரண்டு கண்டத்தில் தனித்தனியாக ஒரே டிசைன் வந்திருக்கு. அங்கேயும் மேற்கு கிங்பேர்டையும் காசின் கிங்பேர்டையும் பிரிக்கத் திண்டாடுறாங்க. இரண்டுமே சாம்பல் தலை, மஞ்சள் வயிறு. ஒன்றுக்கு வாலின் வெளி ஓரத்தில் வெள்ளைக் கோடு, இன்னொன்றுக்கு வால் நுனியில் வெளுத்த பட்டை, நெஞ்சும் இன்னும் அடர்ந்த சாம்பல். அவங்க வாலைப் பார்ப்பாங்க, நாம கண்ணைப் பார்க்கணும். நம்ம ஜோடியில் வால் ஒரு உதவியும் செய்யாது.

கணக்கெடுப்புக்குப் போறவங்களுக்கு

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015-லிருந்து நடக்குது. பொங்கல் நாட்களில் நீங்க இருக்கிற இடத்திலேயே, குறைந்தது பதினைந்து நிமிஷம் பார்த்து, பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி ஈபேர்ட் ஆப்பில் ஏற்றினால் போதும். மாட்டுப்பொங்கலன்று மாடு குளிப்பாட்டுற வாய்க்கால் கரையில் நின்றே செய்யலாம். பிப்ரவரியில் நம்ம கேம்பஸ் கணக்கெடுப்புக்கும் முறை அதேதான்.

இந்த இரண்டு பறவைக்கு மட்டும் நான் பின்பற்றுகிற வரிசை இது. முதலில் பறவை இருக்கிற இடம், வெட்டவெளியா மரமா என்று குறித்துக்கொள்வேன். அடுத்து வெளிச்சம் நம் பின்னால் வருகிற மாதிரி நகர்வேன். பிறகு வயிறு. கறுப்பா, சீரான சாம்பலா, செதில் வெள்ளையா. கடைசியில் வாயோரப் புள்ளியும் கண்ணும், இதுக்கு பைனாகுலர் வேணும். நாலும் ஒத்துப்போனால் பெயர் எழுதலாம். வானத்துக்கு எதிரே வெறும் நிழலாக மட்டும் தெரிந்துவிட்டுப் பறந்துபோச்சா? ஆப்பில் 'ட்ராங்கோ எஸ்பி' என்று, கரிச்சான் இனத்தில் ஏதோ ஒன்று என்ற அர்த்தத்தில், ஒரு வரி இருக்கு. கூச்சப்படாமல் அதில் எழுதுங்க. தப்பான பெயரைவிட அது உபயோகமானது.

கம்பியில் இருக்கிறதை எண்ணி முடிச்சதும் கிளம்பிடாதீங்க. பக்கத்தில் இலவமோ, மருதமோ, பழைய வேம்போ நின்றால் அதன் அடியில் பத்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்க. கேம்பஸில் அப்படிப்பட்ட மரங்கள் லைப்ரரிக்குப் பின்னாலும் பழைய வொர்க்‌ஷாப் பக்கமும்தான் மிச்சம் இருக்கு. பிப்ரவரி கணக்கெடுப்பு அங்கிருந்துதான் தொடங்கும், காலை ஆறரைக்கு. கிளப்பில் பைனாகுலர் இரண்டுதான் இருக்கு, வீட்டில் இருக்கிறவங்க கொண்டு வாங்க.